பாதிப் பாட்டில் திரும்பாத வள்ளம்

அன்புள்ள தேவா,

நானும் உன் அம்மாவும் சுகம். உன் கடிதத்தில் எங்கள் சுகத்தை ஒரு வரியிலும் வள்ளத்தின் சுகத்தைப் பதினோரு வரியிலும் விசாரித்திருந்தாய். ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன்: வள்ளமும் சுகம். திரேஸ்புரம் கரையில், சாப்பிட்டுவிட்டு மதியத் தூக்கம் போடுகிற சம்பந்தியைப் போல மணலில் ஒருக்களித்துக் கிடக்கிறது. நீ எழுதியிருப்பது எனக்குப் புரியாமல் இல்லை. வைகாசியில் உன் கல்யாணம். அதற்குள் வள்ளத்தை விற்றுவிட வேண்டும், கல்யாணம் முடிந்த கையோடு நாங்கள் இருவரும் மெட்ராஸ் வந்து உன்னோடு இருந்துவிட வேண்டும், "இந்த வயதில் கடலில் பிடில் வாசித்துக்கொண்டு திரிகிற ஆளை" பாளையங்கோட்டைப் பெண்வீட்டார் என்னவென்று நினைப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். மூன்றையும் இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை உன் அம்மா கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு தானே படித்தாள். "பிள்ளை சரியாத்தான எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். போனவள் திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னாள். அதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதிவிட்டால் நீ மீதியைப் படிக்கமாட்டாய்.

முதலில் நாசரேத்து மாமா உனக்குச் சொன்ன கதையைத் திருத்திவிடுகிறேன். என்னைக் கடலிலிருந்து யாரும் வலைபோட்டு எடுக்கவில்லை. நான் மயங்கிக் கிடக்கவில்லை. பிடிலைத் தலைக்கு வைத்துத் தூங்கவும் இல்லை. உன் மாமா நல்ல மனிதர்தான். ஆனால் தூத்துக்குடியில் சாளை மீனாகப் புறப்படுகிற செய்தி அவர் வீட்டு வாசலைத் தாண்டும்போது திமிங்கிலமாகிவிடும், மெட்ராஸ் போய்ச் சேரும்போது அதற்கு இரண்டு குட்டியும் பிறந்திருக்கும். நடந்தது என்னவென்றால், கப்பல் வருகிற பாதையில் நம் வள்ளம் குறுக்கே நின்றது. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். கப்பல் சங்கு ஊதியது, என் சுருதிக்கு அரைக்கட்டை கீழே. அவ்வளவுதான். ஆனால் ஏன் நின்றது என்பது மாமாவுக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரியும், நான் முப்பது வருஷம் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்தக் கப்பல் எந்த நாட்டிலிருந்து என்ன சரக்கோடு வருகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த முப்பது வருஷத்தில் என் கால் கடலில் நனைந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குப் போகும். நான் உள்ளே உட்கார்ந்து அவை போய்விட்டன என்று எழுதுவேன். ஐம்பத்தைந்து வயதில் மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போன மறுநாள் மனிதனுக்கு நேரம் பார்க்கக் கடிகாரம் கொடுக்கிற வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ. ஒரு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் பிடில் வாசிக்க ஆரம்பித்தேன். நானே கற்றுக்கொண்டேன். அதாவது, அக்கம்பக்கத்தார் கஷ்டப்பட, நான் கற்றுக்கொண்டேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி நாலாம் நாள் வந்து மிகவும் மரியாதையாக, "வீட்ல யாருக்காச்சும் மேலுக்குச் சொகமில்லியா? ராத்திரி பூரா மொனங்குத சத்தம் கேக்கு" என்று விசாரித்தார். நான் சாயங்காலம் ஆறு மணிக்கே நிறுத்திவிடுவேன். மிச்சத்தை அவர் கனவில் கேட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் உன் அம்மா அந்தப் புகழ்பெற்ற வார்த்தையைச் சொன்னாள். "ஊர்ல இம்புட்டுக் கடல் கெடக்கு. அங்கன போயி வாசிக்கப்படாதா?" கோபத்தில் சொன்னாள். நான் யோசனையாக எடுத்துக்கொண்டேன். முப்பத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தின் ரகசியம் இதுதான், மகனே: திட்டிலிருந்து உபயோகமான பகுதியைப் பிரித்து எடுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். இப்படித்தான் எனக்கு வள்ளம் வந்தது. வள்ளத்துக்காகப் பிடில் இல்லை, பிடிலுக்காகத்தான் வள்ளம். பாயில் மூன்று ஒட்டு. அதில் ஒன்று என் பழைய காக்கிக் கால்சட்டை. கரையில் வலை காயப்போடுகிற பெண்கள் தூரத்திலேயே அடையாளம் கண்டு, "ஏளா, அண்ணாச்சி கால்சட்டை வருது, அடுப்புல ஒலைய வையி, மணி பன்னெண்டு" என்பார்கள். அலுவலகத்தில் முப்பது வருஷம் நேரத்துக்குப் போனவனைப் பார்த்து யாரும் உலை வைத்ததில்லை.

வள்ளத்தை ஓட்டுகிறவர் சூசை தண்டல். இரண்டு வருஷம் முன்புவரை கொழும்புத் தோணிக்குத் தண்டலாக நின்று ஆட்களை நடத்தியவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். இளவயதில் முத்துக்குளிக்கப் போய் இடது காதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டார். முதல் நாள் சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் காதை என் பக்கம் திருப்பி, "வாசிங்க அண்ணாச்சி, வாசிங்க. இந்தக் காதுல இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காது" என்றார். அப்படி ஒரு ரசிகரைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாதம் ஒருநாள் காலை அவர் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். நல்ல காது என் பக்கம் இருந்தது. தேவா, எனக்கு இந்த ஜென்மத்தில் கிடைத்த ஒரே பட்டம் அதுதான். மாலையும் கடிகாரமும் கணக்கில் இல்லை.

நீ இந்தக் கடலைப் பார்த்ததெல்லாம் கரையிலிருந்துதான். உள்ளே போனால் அது வேறு. விடிந்ததும் கரைக்காற்று மெல்லத் தள்ளும். யாரோ தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலோடு நகர்த்தி வைப்பதுபோல வள்ளம் தானாக வெளியே போகும். திரும்பிப் பார்த்தால் மாதா கோவில் கோபுரம் ஒரு விரல் உயரம், உப்பளத்துக் குவியல்கள் வெள்ளையாய்ச் சின்னச் சின்னதாக, ஊர் முழுக்க ஒரு தாம்பாளத்தில் அடுக்கிவைத்த மாதிரி இருக்கும். அந்தத் தாம்பாளத்தில் எங்கோ நம் வீடும், அதில் எனக்குக் கிடைக்கவேண்டிய திட்டும் இருக்கிறது என்று நினைத்தால்கூடச் சிரிப்பு வரும். கடலடியில் சிப்பி விளைந்த பழைய முத்துப் பார்களுக்கு மேல் போகும்போது தண்ணீர் கண்ணாடி. சூரியன் உள்ளே இறங்கிப் படி படியாகப் போவது தெரியும். காற்று நின்றால் பாய் தொங்கிவிடும். அப்போது வில்லை எடுப்பேன். சுவர் இல்லாத இடத்தில் பிடில் சத்தம் எப்படிப் போகும் தெரியுமா? திரும்பி வராது. போய்க்கொண்டே இருக்கும். தப்பு ஸ்வரமும் அப்படியே போய்விடும், யார் வீட்டுச் சுவரிலும் மோதாது. ஒருநாள், "கீழே சிப்பியெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கும்லா தண்டலே? வாயைத் திறந்து முத்தைக் காட்டுமோ?" என்று கேட்டேன். அவர் தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டு, "கேட்டிருக்கும். அதான் எல்லாம் வாயை இறுக்கி மூடிக்கிட்டு கெடக்கு" என்றார்.

உப்புக்காற்றில், தந்தியை முறுக்கிப் பிடிக்கிற பிடிலின் பிருடை இளகிவிடும். கரைக்கு வந்து சுருதி கூட்டினால் நிற்காது. போன அறுப்பின் பண்டிகையில் கோவிலில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். சபை நிறைந்திருந்தது. புதுச் சட்டை. இரண்டாம் சரணத்தில் பிருடை சுழன்று தந்தி தொங்கிவிட்டது. நான் வில்லை இறக்காமல் மீதியை வாயால் பாடி முடித்தேன். பாதிரி ஐயர் மிகவும் உருக்கமாக இருந்தது என்றார். உன் அம்மா வழி முழுக்கப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஐம்பதுக்கு மேல் மனிதன் ஏதாவது உருப்படாத காரியம் ஒன்றில் பிடிவாதமாக இருக்க வேண்டும், தேவா. வீட்டில் இருப்பவர்களுக்குச் சிரிக்க ஒரு காரணம் கிடைக்கும்.

இப்போது கப்பல் பாதைக்கு வருகிறேன். சூசை தண்டலிடம் ஒரு வழக்கம் உண்டு. தோணியில் பாய் ஏற்றும்போது ஆட்கள் அம்பா பாடுவார்கள், கயிறு இழுக்கிற பாட்டு. ஆரம்பித்த அம்பா முடிகிறவரை கயிற்றை விடக்கூடாது, பாயை மாற்றக்கூடாது, தோணியைத் திருப்பக்கூடாது. "பாதிப் பாட்டுல திருப்பினா கடல் மீதியக் கேக்கும் அண்ணாச்சி" என்பார். இதை அவர் என் பிடிலுக்கும் வைத்துவிட்டார். நான் வாசித்து வில்லைக் கீழே வைத்தால்தான் வள்ளம் திரும்பும். நான் வாசிப்பதெல்லாம் கீர்த்தனைகள். எல்லாவற்றுக்கும் முடிவு உண்டு. அதனால் இரண்டு வருஷம் ஒரு தகராறும் இல்லை.

மாசி மாதம் அது. வாடைக்காற்று கிழடு தட்டிப்போய், தள்ளுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத் தள்ளுகிற மாதம். வழக்கமாக முயல் தீவு கலங்கரை விளக்குக்கு நேரே வந்ததும் நிறுத்தி, முற்பகலில் கடலிலிருந்து கொண்டல் காற்று எழும்புகிறவரை கிடந்து, அதைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவோம். உன் கல்யாணத் தேதி குறித்தாயிற்று என்று முந்தின நாள்தான் நீ எழுதியிருந்தாய். மனம் நிறைந்திருந்தது. அந்த நிறைவில், இரண்டு வருஷமாக வள்ளத்தில் வாசிக்காமல் வைத்திருந்த ஒரு மெட்டை எடுத்தேன். பாதி வந்தது. அதற்கு மேல் வரவில்லை. எனக்கு அந்தப் பாதிதான் தெரியும். ஓடை தாண்டப்போகிறவன் பின்னால் போய்ப் பின்னால் போய் ஓடி வருவான் பார், அப்படி முதலிலிருந்து ஆரம்பித்து ஆரம்பித்து அந்த விளிம்புவரை ஓடி வந்தேன். ஒவ்வொரு தடவையும் அடுத்தது இப்போது வந்துவிடும் என்று இருந்தது. விளக்கு பின்னால் போனதோ, புதுத் துறைமுகத்துக் கப்பல் பாதையில் மிதவை ஒன்று பக்கத்தில் ஆடிக்கொண்டு போனதோ எனக்குத் தெரியாது. சூசை தண்டலுக்குத் தெரியும். ஆனால் பாட்டு முடியவில்லையே! நல்ல காதைக் கொடுத்துக்கொண்டு, சுக்கானைப் பிடித்துக்கொண்டு, காத்திருந்திருக்கிறார்.

நிமிர்ந்தபோது மேலே ஒரு சுவர் மாதிரி கப்பல் நின்றது. விளிம்பில் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர் ஒருவர் சாய்ந்துகொண்டு கைதட்டினார். என் முதல் வெளிநாட்டுக் கச்சேரி அது. வணக்கம் போட்டேன். அதற்குள் துறைமுக லாஞ்ச் வந்துவிட்டது. "ஏ பெரிசு, காது கேக்காதா? கப்பல் வார பாதைன்னு தெரியாதா?" என்று அதிலிருந்த அதிகாரி கத்தினார். "ஒரு காது கேக்காது. பாதையும் தெரியும்" என்றார் தண்டல், கொஞ்சமும் பதறாமல். "பொறவு ஏன்யா திருப்பல?" "அண்ணாச்சி பாட்டை முடிக்கலயே!" அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பிடிலைப் பார்த்தேன். எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய், நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். முப்பது வருஷம் ஆபீசுக்காக இங்கிலீஷில் சமாதானம் எழுதிய கை அல்லவா, காற்று இல்லாததால் என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். பொய். காற்று இருந்தது. இல்லாதது பாட்டின் பின்பாதி.

அன்று வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா திட்டுவாள் என்று தயாராக உட்கார்ந்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே, "அப்பிடி என்ன பாட்டு, முடியவே முடியாத பாட்டு?" என்று கேட்டாள். முனகிக் காட்டினேன். விளிம்பு வந்தது, நிறுத்தினேன். அவள் கத்தி நின்றது. "அங்கனதான அவன் கையில இருந்து பிடுங்கினிய" என்றாள்.

ஆமாம், தேவா. அது உன் மெட்டு. உன் பிடில் வாத்தியார் உனக்கென்று கட்டிக் கொடுத்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, முன்னறையில் நீ வாசித்துக்கொண்டிருந்தாய். நான் ஆபீசிலிருந்து வந்தேன். அன்று காலைதான் உன் வாத்தியாரை ஒரு கல்யாண ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டு நடக்கப் பார்த்திருந்தேன், இரவல் கோட்டு, அதில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. என் பிள்ளையும் இப்படி வெயிலில் நடப்பானோ என்று ஒரு பயம் வந்தது. பயத்தைப் பயம் என்று சொல்ல எனக்கு அப்போது தெரியாது. கோபம் என்றுதான் சொல்லத் தெரியும். பாட்டின் நடுவில் பிடுங்கினேன். மறுநாள் வாத்தியாரிடம் இனி வரவேண்டாம் என்று சொல்லப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு வாரம் விடுங்க ஐயா. பின்பாதி சொல்லிக் குடுத்துட்டேன், கை படியணும், அவ்வளவுதான். முன்பாதி தோணி போறது, பின்பாதி அது திரும்பி வாறது. போன தோணி வீட்டுக்கு வரணும்லா?" என்றார். பைத்தியம் என்று சிரித்துவிட்டு வந்தேன். அதே வருஷம் அவர் கொழும்புக்கு மகள் வீட்டுக்குப் போனார். போனவர் அங்கேயே காலமாகிவிட்டார்.

உன்னிடம் வந்து, பிடிலை நாசரேத்துப் பாடகர் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். நீ அழவில்லை. சண்டை போடவில்லை. "வில்லையுமா?" என்று மட்டும் கேட்டாய். "வில்லையும்தான்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக் கேள்வியை இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை தடவை என் காதுக்குள் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிடில் எங்கும் போகவில்லை, ராசா. உன் அம்மாவின் பழைய நீலச் சேலையில் சுற்றி அலமாரிக்கு மேல் இருந்தது. வில்லும் அதோடுதான் இருந்தது. பாளையங்கோட்டையில் பழைய சாமான் கடையில் வாங்கினேன் என்று நான் உனக்கு எழுதிய பிடில் அதுதான். போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது, பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்றேன் அல்லவா? அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. உன் தாடை பட்டுப் பட்டு மெருகு போன இடத்தில் இப்போது என் தாடையை வைத்து வாசிக்கிறேன். நீ வேலைக்குப் போனாய், நல்ல உத்தியோகம், ஊரில் எல்லோரும் என்னைத்தான் மெச்சினார்கள். பிள்ளையை நல்லபடி வளர்த்தவன் என்று யாராவது சொன்னால் அலமாரியின் மேல்தட்டை நிமிர்ந்து பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருப்பது ஒன்றுதான். உன் மனைவி ஏதாவது செய்துகொண்டிருப்பாள். பாடுவாள், கோலம் போடுவாள், ஒன்றுமில்லாமல் ஜன்னலில் நிற்பாள். "இதனால் என்ன லாபம்" என்று கேட்கத் தோன்றும்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடி. அவள் முடிக்கிறவரை காத்திரு. கப்பல் வந்தாலும் காத்திரு. சூசை தண்டல் காத்திருந்த மாதிரி. இதை நான் என் ஐம்பத்தேழாவது வயதில், லாஞ்சில் கட்டி இழுத்துவரப்பட்டபோது கற்றுக்கொண்டேன். நீ கொஞ்சம் முன்னாலேயே கற்றுக்கொள்.

வள்ளத்தை விற்கிற விஷயம். நீ பயந்துதான் எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும், ஏனென்றால் உன் கடிதம் முழுக்கக் கோபமாக இருக்கிறது. உன் அப்பனின் கையெழுத்துதான் அது. என்னிடமிருந்து பிடுங்குகிற உரிமை உனக்கு உண்டு. இது கேலி இல்லை. நீ விற்கச் சொன்னால் விற்றுவிடுகிறேன். பாய், பாய் கட்டுகிற பருமல், என் கால்சட்டை ஒட்டு எல்லாவற்றோடும். மெட்ராஸுக்கும் வருகிறோம். நீ எது சொன்னாலும், கலங்கரை விளக்கைத் தாண்டமாட்டேன் என்று உன் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாயிற்று. சூசை தண்டலும் செய்தார், தன் நல்ல காதைப் பிடித்துக்கொண்டு.

உன் அம்மா திரும்பி வந்து சொன்னதை இப்போது எழுதுகிறேன். "வள்ளத்தைப் பத்திப் பொறவு எழுதலாம். மொதல்ல அவன் பிடிலைப் பத்தி எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். பிடிலை அதே நீலச் சேலையில் சுற்றி உன் கட்டிலில் வைத்திருக்கிறாள். இன்றையிலிருந்து நான் தொடுவதாக இல்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே வருவதாக எழுதியிருக்கிறாய். கச்சான் காற்று பலமாக அடிக்கிற மாதம் அது. ஆனால் விடிகாலையில் ஒரு மணி நேரம் கடல் சும்மா கிடக்கும் என்று தண்டல் சொல்கிறார். ஒரே ஒருநாள் எங்களோடு வா. கரைக்குப் பக்கத்திலேயே போவோம், நீச்சல் தெரியாத உன் அம்மாவும் வருகிறாளாம், குடையோடு. பின்பாதி உன் விரலில் எங்காவது மிச்சம் இருந்தால் வாசி. மறந்துபோயிருந்தால் பரவாயில்லை, அந்த விளிம்புவரை வந்து நீயும் நில். பிறகு வள்ளத்தை என்ன செய்வதென்று நீயே சொல். ஆனால் ஒன்று, அதைச் சொல்லப் பாட்டு முடிய வேண்டும். அதுவரை சூசை தண்டல் திருப்பமாட்டார்.

உன்
அப்பா